மின்பொறியியல் கற்ற பெண்மணி

கிண்டிப் பொறியியற் கல்லூரி, 1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்ததாகும். நெடுங்காலம் அதன்கண் ஆடவரே பயின்றனர். அந்நிலையை மாற்றியவர் லலிதா அம்மையார்.

அவர் 1919-இல் சென்னையிற் பிறந்தார். பதினைந்தாம் அகவையில் மணம் புரிந்தார். பதினெட்டாம் அகவையிற் கணவரை இழந்தார். கையில் பச்சிளங் குழந்தை ஒன்று இருந்தது. கைம்பெண்டிரை வீட்டின் மூலையில் இருத்தும் வழக்கம் மிக்கிருந்த காலம் அது. எனினும் அம்மையார் உளந்தளர்ந்திலர். கற்றுத் தம் உழைப்பால் வாழத் துணிந்தார்.

அவர்தம் தந்தையார் சுப்பாராவ் அக்கல்லூரியிற் பேராசிரியர். அவர் மகளின் பொருட்டு வேண்ட, கல்லூரி முதல்வர் சாக்கோ இசைந்தார். 1940-இல் லலிதா கல்லூரியிற் சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜ், தெரேசியா என்னும் இருவரும் கட்டுமானப் பொறியியல் பயில வந்தனர்.

1943-இல் லலிதா மின்பொறியியலில் தேர்ச்சியுற்றார். அவர் பெற்ற சான்றிதழில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அதனை அடித்துப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதி வழங்கினர். பின்னாளில், பக்ரா நங்கல் அணைத் திட்டத்திற்குரிய மின்கடத்துந் தொடர்களை வடிவமைக்கும் பணியில் அவர் பங்கு கொண்டார். தெரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

ஒருவர்க்குத் திறந்த கதவு பலர்க்கும் வழியாயிற்று. சொல்லுக்குப் பால் வேற்றுமை உண்டு. கல்விக்கு அஃது இல்லை.