பழைய லேத்துக்குப் புதுப் பல்சக்கரம்

பழைய லேத்தில் நேர்பல் கியர் உடைந்து, மாற்றுக் கியர் கிடைக்காவிட்டால் வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்.

● உடைந்தவற்றையும் சேர்த்துப் பற்களை எண்ணி, வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும்.

● பல் எண்ணிக்கையுடன் 2 கூட்டி, மில்லிமீட்டரில் உள்ள வெளிவிட்டத்தை அதனால் வகுத்தால், பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் வரும். 40 பல், 63 மி.மீ. என்றால் 63 ÷ 42 = 1.5.

● பழைய பிரிட்டிஷ் லேத்துகளில் பெரும்பாலும் டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) கணக்கு; இதில் 2 கூட்டிய பல் எண்ணிக்கையை அங்குலத்தில் உள்ள வெளிவிட்டத்தால் வகுக்க வேண்டும். 40 பல், 2.1 அங்குலம் என்றால் 42 ÷ 2.1 = 20 டி.பி.

● அழுத்தக் கோணம் 14.5 டிகிரியா, 20 டிகிரியா என்று உறுதிசெய்த பிறகே பல் வெட்டும் கட்டரை வாங்க வேண்டும். கோணம் மாறினால் கியர் இரைச்சலிட்டுச் சீக்கிரம் தேயும்.

● புதுக் கியரின் துளையையும் வெளிவிட்டத்தையும் ஒரே பிடிப்பில் கடைந்தால் மையம் விலகாது.

● பொருத்தும்போது பற்களுக்கிடையே மெல்லிய தாளைக் கொடுத்து இறுக்கிவிட்டு உருவினால், தேவையான இடைவெளி அமையும்.