இயந்திரத்தின் மூச்சும் உள்வழிக் கசடும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது இலக்கியப் பொருள் ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். ஆயினும் எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு அடைந்த இழப்பு எம்மை வேறொரு பொருளுக்கு இழுத்துவந்துவிட்டது. அவர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் டீசல் வான் ஒன்றின் சொந்தக்காரர். அவ்வருவாயைக் கொண்டே குடும்பம் நடத்துபவர். ஒரு விரற்கனமுள்ள ரப்பர்க் குழாயை அடைத்தமையால் அவ்வான் மூன்று வாரம் நின்றுவிட்டது. அதுவும் தவணைப் பரீட்சைக் காலத்தில். பழைய மாணவருள் வாகனம் வைத்திருப்போர் பலராதலின், இதனைப் பாடமாகவே எழுதத் துணிந்தோம். தமிழ் கற்பிப்போர்க்கு இயந்திரத்தில் என்ன வேலை என வினவுவார்க்கு, எம்மிடமும் ஒரு பழைய கார் உண்டென்பதே விடை.

முதலில் இயந்திரத்தின் இயல்பை நோக்குவோம். பெற்றோல் இயந்திரமாயினும் டீசல் இயந்திரமாயினும், சிலின்டருக்குள் எரியும் வாயுவே பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்ரனுக்கும் சிலின்டர்ச் சுவருக்கும் இடையே வாயு கசியாதபடி றிங்குகள் காவல் செய்கின்றன. அக்காவல் முழுக்காவலன்று. புத்தம்புதிய இயந்திரத்திலும் சிறிது வாயு றிங்குகளைக் கடந்து, கீழே கிராங்க்தண்டு சுழலும் கூட்டுக்குள் இறங்கவே செய்யும். அங்கே சூடேறிய எண்ணெய், தண்டினால் அடிபட்டு நுண்துளிகளாய்ப் பறந்துகொண்டிருக்கும். இறங்கிய வாயு அத்துளிகளோடும், எரிதலிற் பிறந்த நீராவியோடும், எரியாத எரிபொருளோடும் கலந்து மூடுபனி போலாகிறது. இதற்கு வெளிவழி வேண்டும். வழியில்லையேல் கூட்டினுள் அழுத்தம் ஏறி, தண்டின் முனைகளில் எண்ணெயைத் தடுத்துநிற்கும் சீல்களைப் பிதுக்கிவிடும். அவ்வெளிவழியே திருத்தகங்களில் பிறீதர் எனப்படுவது. நாம் அதனை மூச்சுக்குழாய் என்போம். அடைத்தால் என்ன நேரும் என்பதை அப்பெயரே உணர்த்துமன்றோ!

முன்னாளில் இம்மூச்சு நேரே வெளியே விடப்பட்டது. யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களின் பழைய வகைகளில், இயந்திரத்தின் பக்கத்திலிருந்து குழாயொன்று நிலத்தை நோக்கி இறங்கியிருக்கும். வண்டி ஓடும்போது அடியிற் பாயும் காற்று அதன் வாயிலிருந்து புகையை இழுத்துச் செல்லும். எண்ணெய்த்துளி வீதியில் விழுந்ததேயன்றிக் காற்று வரும் வழிக்குப் பெரிதும் செல்லவில்லை. இந்நிலையை மாற்றியது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டமாகும். வாகனங்களிலிருந்து வெளியாகும் எரிபொருளாவி அதற்கொரு காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன் ஸ்மித் என்னும் இரசாயனவியலறிஞர் காட்டினார். 1961இல் கலிபோர்னியா மாநிலம், மூச்சுவாயுவை வெளியே விடாது இயந்திரமே மீண்டும் உட்கொண்டு எரிக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. அவ்வமைப்பே பின்னர் உலகெங்கும் பரவிற்று. வெளிக்காற்றுக்கு நன்மை செய்த இம்மாற்றமே, காற்றைச் சிலின்டர்களுக்குப் பகிர்ந்தனுப்பும் கிளைக்குழாயாகிய மனிபோல்டுக்குள் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்த்தது.

எண்ணெய் மட்டும் படிந்தால் தீங்கு பெரிதன்று. டீசல் வாகனங்களிலோ, நைதரசன் ஒட்சைட்டுக்களைக் குறைத்தற்பொருட்டு எரிந்த புகையில் ஒரு பங்கும் மனிபோல்டுக்கே திருப்பப்படுகிறது. எங்கள் அடுக்களைச் சுவரை எண்ணிப் பாருங்கள். விறகடுப்பின் கரி மட்டும் படிந்தால் விளக்குமாற்றால் தட்டிவிடலாம். எண்ணெய் மட்டும் படிந்தால் துணியால் துடைத்துவிடலாம். பொரியலின் எண்ணெயாவியும் அடுப்புப் புகையும் கூடிப் படிந்துவிட்டாற் கத்தியெடுத்துச் சுரண்டவேண்டும். மனிபோல்டில் நிகழ்வதும் அதுவே. காற்றுவழி ஒடுங்க, இயந்திரம் வலுவிழந்து கரும்புகை கக்கும்.

பெற்றோல் கார்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பெற்றோலை உள்வால்வின் முதுகில் தெளிக்கும் முறையில், அத்தெளிப்பே வால்வைக் கழுவிவிடும். 1996இல் மிற்சுபிசி நிறுவனம் கலன்ற் காரில் பெருந்தொகை உற்பத்திக்குக் கொண்டுவந்தது போன்ற நேரடித் தெளிப்பு முறையில், பெற்றோல் சிலின்டருக்குள்ளேயே பாய்வதால் வால்வுக்குக் கழுவுநீர் இல்லை. வந்த எண்ணெய் சூட்டிற் கருகி அங்கேயே இறுகிவிடுகிறது. பின்னர் ரொயோட்டா உள்ளிட்ட சில நிறுவனங்கள் இருவகைத் தெளிப்பையும் சேர்த்து அமைத்தன. எந்தப் பெற்றோல் மருந்தைத் தாங்கியில் ஊற்றினாலும் நேரடித் தெளிப்பு இயந்திரத்தின் வால்வு முதுகை அது தீண்டாது என்பதை விளம்பரங்களை நம்புவோர் நினைவிற் கொள்க. 2009இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறை பிரியஸ் காரிலும் புகைமீட்சி அமைப்பு உண்டு. மனிபோல்டிலுள்ள அதன் சிறு துளைகள் எண்ணெயும் கரியும் கூடி அடைபடுதலைத் திருத்துநர் பலரும் அறிவர்.

இனி நண்பரின் வானுக்கு வருவோம். மனிபோல்டுக்குச் செல்லும் குழாயைக் கழற்றிய அவர் அதனுள் எண்ணெய் வழிவதைக் கண்டார். "எண்ணெய் வந்தால் அடைக்கத்தானே வேண்டும்?" என்பது அவர் வாதம். மூச்சுக்குழாயின் வாயில் ஆணியொன்றைச் செருகிக் கிளிப்பிட்டு இறுக்கினார். இரண்டு வாரத்தில் கிராங்க்தண்டின் பின்சீல் பிதுங்கி, எண்ணெய் கிளச்சில் வடிந்தது. கியர்ப்பெட்டியை இறக்கியே சீலை மாற்ற வேண்டியதாயிற்று. அதன்பின்பே உண்மைக் காரணம் புலப்பட்டது. சிலின்டர்களின் அமுக்கத்தை அளந்தபோது றிங்குகளிற் குறையில்லை. குறை இரண்டு. மேல்மூடியினுள் எண்ணெயைப் பிரித்துக் கீழே திருப்பும் வலை, கசடால் அடைபட்டிருந்தது. மற்றையது அவர் தாமே செய்துகொண்டது: "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று ஒவ்வொரு முறையும் அரை லீற்றர் எண்ணெயை மிகையாக ஊற்றிவந்திருக்கிறார்.

மிகை எண்ணெய் பாதுகாப்பாகாது. மட்டம் மேற்குறியைத் தாண்டினால், சுழலும் தண்டு எண்ணெயை மோதி நுரையாக்கும். நுரை மூச்சுவழியே ஏறும். சமதரையில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துச் சில நிமிடம் பொறுத்தபின்னரே கோலை உருவிப் பார்த்தல் வேண்டும். இரு குறிகளுக்கும் இடையே நிற்பதே போதும்.

எண்ணெயின் தரமும் நோக்கத்தக்கது. நோவாக் என்னும் சோதனையில் எண்ணெயை 250 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்து, அதன் நிறையில் எத்தனை வீதம் ஆவியாயிற்று என்று அளப்பர். ஐ.எல்.எஸ்.ஏ.சி. தரம் 15 வீதம் வரை இடமளிக்கும். ஐரோப்பாவின் ஏ3/பி4 தரம் 13 வீதத்தோடு நிறுத்திவிடும். எண் குறையக் குறைய மனிபோல்டுக்குச் செல்லும் ஆவியும் குறையும். நிறுவனம் விதித்த தடிப்பை விட்டுவிட்டு மலிவைத் தேடுதல் தகாது.

குற்றம் எம்மிடத்திலும் இருந்தது. வீட்டிலிருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர். இயந்திரம் நன்கு சூடேறுமுன் அணைத்துவிடுவோம். கூட்டினுள் சேர்ந்த நீர் ஆவியாகி வெளியேற நேரம் கிடைப்பதில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தபோது அதன் அடியிற் பால் திரிந்தது போன்ற பசை கண்டோம். இப்போது வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரமேனும் நெடுவழி ஓட்டுகிறோம். எண்ணெயையும் குறித்த காலத்துக்கு முன்னரே மாற்றுகிறோம்.

பெற்றோல் கார்களில் மூச்சுவழியின் வாயிற்காவலன் பீ.சீ.வீ. என்னும் சிறு வால்வு. பல கார்களில் அதனைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே உருளும் ஒலி கேட்கும். கேளாவிடின் அது கசடிற் சிக்கியிருக்கும். இயந்திரம் நின்றோடும்போது அதன் வாயில் விரல் வைத்தால் இழுவிசை தெரியவேண்டும். விலை சிறிது, ஐயம் எழின் மாற்றிவிடலாம். குழாய்களையும் வளைத்துப் பார்க்க. வெடித்த குழாய் அளவிடப்படாத காற்றை உள்ளே விடும். உட்சுவர் உப்பிய குழாய் மூச்சைத் தடுக்கும்.

கச் கான் எனக் கடைகளில் விற்கும் பிடிகலத்தைப் பற்றி எம்மிடம் வினவுவோர் உளர். மூச்சுக்குழாய்க்கும் காற்றுவழிக்கும் நடுவே வைக்கப்படும் கலம் அது. உள்ளே தடுப்புத் தகடோ உலோக வலையோ இருப்பின், எண்ணெய் அதில் மோதித் துளியாகி அடியில் தங்கும். வெறும் டப்பாவாக இருப்பின் பயன் சிறிது. எண்ணெய் தாங்கும் குழாயே பூட்டல் வேண்டும். கலத்தின் வாயை வெளியே திறந்துவிடலாகாது. எல்லாவற்றிலும் முதன்மையானது அதனை வெறுமையாக்குதல். மறந்துவிட்டால், நிரம்பிய எண்ணெய் முழுவதும் ஒரே மூச்சில் உட்செல்லும்.

அது சிறு தீங்கன்று. டீசல் இயந்திரத்துக்கு எண்ணெயும் எரிபொருளே. ரேர்போவுக்கு அப்பாலுள்ள குழாய்களில் தேங்கிய எண்ணெய் ஒருங்கே உட்புகின், சாவியைத் திருப்பினாலும் நில்லாது இயந்திரம் தானாய் விரைந்தோடும். கைக்கியர் வாகனமாயின், பிரேக்கை முழுவதும் மிதித்துக்கொண்டு, மேற்கியரிலிட்டுக் கிளச்சை விட, இயந்திரம் மூச்சடங்கி நிற்கும். பிள்ளைகள் இருக்கும் வண்டியில் இந்நிலை நேராது காத்தலே அறிவுடைமை.

படிந்துவிட்ட கசடை நீக்க, டீசல் மனிபோல்டைக் கழற்றி வெளியே எடுத்துக் கழுவுதலே சிறந்தது. வண்டியிற் பூட்டியபடியே சுரண்டினால் இறுகிய கட்டிகள் சிலின்டருக்குள் விழும். நேரடித் தெளிப்புக் கார்களின் வால்வுகளை, வால்நட் ஓட்டுத்தூளைக் காற்றோடு வீசி ஊதித் துலக்குவர். அது பழகியவர் கைவேலை.

நண்பரின் மனிபோல்டிலிருந்து சுரண்டிய கசடு ஒரு தேநீர்க் கோப்பையை நிறைத்தது. மேல்மூடியின் வலை கழுவப்பட்டு, தடுப்புத் தகடுள்ள பிடிகலம் ஒன்றும் பூட்டப்பட்டது. ஒவ்வோர் 2,000 கிலோமீற்றருக்கும் அவர் அதனைத் திறந்து வடிப்பதோடு, வடிந்ததை ஒரு போத்தலில் அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைக்கிறார். மாரியில் அதில் நீரே மிகுதி; கோடையில் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. அளவு திடீரெனக் கூடினால் றிங்குகளைப் பார்க்கவேண்டுமென்று முதற்பக்கத்திற் குறித்துள்ளார்.