அரிய நோய் ஆராய்ச்சி: மானியமும் உதவித்தொகையும்

ஒரு நோயினால் அல்லலுறுவோர் மிகச் சிலரே என்னும்போது, அந்நோய்க்கு மருந்து காண முதலீடு செய்வோரும் மிகச் சிலராகவே இருப்பர். மருந்தைக் கண்டறிய ஆகும் செலவு நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக் குறைவதில்லை, விற்பனையோ குறைந்துவிடுகிறது. அரிய நோய்கள் பற்றிய பொருளாதாரச் சிக்கலின் சாரம் இதுவே.

ஆயிரம் பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவானோருக்கு ஏற்படும், வாழ்நாள் முழுதும் முடக்கும் நோயை அரிய நோய் என உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. அமெரிக்காவில் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் 2,00,000-க்கும் குறைவானோரைத் தாக்கும் நோய்களுக்குத் தனிச் சலுகைகளை அளித்தது. இந்தியாவில் எண்ணிக்கை அடிப்படையிலான வரையறை வகுக்கப்படவில்லை. நோயின் பரவல் குறித்த புள்ளிவிவரங்கள் போதாமையே அதற்குக் காரணம். உலகெங்கும் 7,000 முதல் 8,000 வரை அரிய நோய்கள் இருப்பதாகவும், அவற்றுள் 5 சதவீதத்துக்கும் குறைவானவற்றுக்கே சிகிச்சை உண்டெனவும் மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டுக் கொள்கை ஆவணம் கூறுகிறது.

கிடர்பூருக்கு அருகில் ஒரு மையம்

கொல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி நதியை ஒட்டி அமைந்தது கிடர்பூர். கப்பல் துறைகளும் கிடங்குகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி இது. இங்கிருந்து டாலி கால்வாயைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையை அடையலாம். முன்னர் பிரசிடென்சி பொது மருத்துவமனை என வழங்கிய இவ்விடத்தில் 1957-இல் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அரிய நோய்களுக்கென 2021-ஆம் ஆண்டுக் கொள்கை முதலில் அறிவித்த எட்டு உயர்சிறப்பு மையங்களுள் இந்நிலையமும் ஒன்று. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல நிலையம் பின்னர் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இம்மையங்களில் சிகிச்சை பெறும் நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி வழங்க 2022-இல் வகை செய்யப்பட்டது. சோதனைக் கருவிகள் வாங்க மையம் ஒன்றுக்கு 5 கோடி ரூபாய் வரை ஒருமுறை மானியமும் உண்டு. கிடர்பூரில் வாழும் சுமைத் தொழிலாளியின் குழந்தைக்கு மரபுவழி நோய் இருக்குமெனில், அதைக் கண்டறியும் வசதி சில கிலோமீட்டர் தொலைவில் கிடைப்பது சிறிய நன்மையன்று.

கொல்கத்தா தரும் இரு பாடங்கள்

இதே மருத்துவமனை வளாகத்தில் 1898-இல் ரொனால்ட் ராஸ் பணியாற்றினார். மலேரியா, காலா அசார் ஆகிய நோய்களை ஆராய்வதற்காக இந்திய அரசு அவரைத் தனிப்பணியில் அமர்த்தியிருந்தது. அவ்வாண்டு ஜூலையில், பறவை மலேரியாக் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதை அவர் கண்டறிந்தார். ஆனால் அதே உண்மையை மனிதர்க்கு வரும் மலேரியாவில் நிலைநாட்டும் முன்னரே, காலா அசார் ஆய்வின் பொருட்டு அவர் அஸ்ஸாம் செல்ல நேர்ந்தது. மனித மலேரியாவின் கொசுவழிச் சுழற்சியை இத்தாலிய அறிஞர்கள் அவ்வாண்டிலேயே விளக்கிவிட்டனர். ராசுக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும், தொடங்கிய ஆய்வை இடையில் நிறுத்தினால் பலன் கைமாறிப்போகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இரண்டாவது பாடம் உபேந்திரநாத் பிரம்மச்சாரியுடையது. சியால்தாவில் இருந்த கேம்பல் மருத்துவமனையில், குழாய் நீரோ மின்சாரமோ இல்லாத சிறு அறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் அவர் ஆராய்ச்சி செய்தார். 1911-இல் தோன்றிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் 1919-இல் அவருக்கு மானியம் அளித்தது. அதன் பயனாக உருவான யூரியா ஸ்டிபமின் என்னும் மருந்து காலா அசாருக்கு எதிராகப் பெரிதும் பயன்பட்டது. அச்சங்கமே 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் பெற்றது. இவ்விரு நோய்களும் அன்று அரியவை அல்ல. ஆயினும் ஆராய்ச்சிக்கு வேண்டிய காலமும் பொருளும் பற்றி இவை உணர்த்துவன அரிய நோய்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

சிகிச்சைச் செலவும் ஆராய்ச்சிச் செலவும்

சில அரிய நோய்களுக்குக் குறைபட்ட நொதியை வாழ்நாள் முழுதும் ஊசி வழியே செலுத்த வேண்டும். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு இதற்கான ஆண்டுச் செலவு 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய்க்கு மேலும் ஆகலாம் என்கிறது அக்கொள்கை ஆவணம். மருந்தளவு எடையைப் பொறுத்தது. குழந்தை வளர வளரச் செலவும் வளரும். ஆகவே 50 லட்சம் ரூபாய் உதவி சில நோயாளிகளுக்கு ஓராண்டுக்கும் போதாது. அத்தொகை தீர்ந்தபின் என் செய்வது என்பது பெற்றோரையும் அதிகாரிகளையும் ஒருங்கே வருத்தும் வினாவாகும்.

இதற்கு மாறாக, ஆராய்ச்சியில் இடும் பொருள் அடுத்தடுத்த நோயாளிகள் அனைவருக்கும் பயன் தருகிறது. டைரோசினீமியா என்னும் நோய்க்குரிய நிட்டிசினோன் மருந்தை உள்நாட்டிலேயே தயாரித்ததால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 கோடி ரூபாயாக இருந்த செலவு 2.5 லட்சமாகக் குறைந்ததென 2023-இல் மத்திய அரசு அறிவித்தது. இது புதிய மருந்தின் கண்டுபிடிப்பன்று. தயாரிப்பு முறையை வகுத்ததன் பயனே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு நடந்த ஹீமோபீலியா மரபணுச் சிகிச்சை ஆய்வின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. பங்கேற்ற ஐவருக்கும் சிகிச்சைக்குப்பின் இரத்தக் கசிவு ஏற்படவில்லை என்பது நம்பிக்கையூட்டும் செய்தி.

உதவித்தொகையின் இடம்

மானியம் கருவிகளையும் வேதிப்பொருள்களையும் வாங்கித் தரும். உதவித்தொகையே ஆய்வாளரை உருவாக்கும். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் திங்களுக்கு 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. இரண்டும் சேர்ந்து பொதுவாக ஐந்தாண்டுகள் கிடைக்கும். 2019-இல் தொடங்கப்பட்ட 'உம்மீத்' திட்டம் அரசு மருத்துவர்களுக்கு மரபியலில் பயிற்சி அளிக்கிறது.

எனினும், அரிய நோயின் இயல்பை அறியச் சில குழந்தைகளைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கும். ஒரு மாநிலத்தில் மூன்று நோயாளிகளும் மற்றொன்றில் இருவருமாகச் சிதறியிருப்பின், ஒரே மையத்தின் ஆய்வில் பொருளுள்ள முடிவு காண்பது இயலாது. ஐந்தாண்டு உதவித்தொகை முடிந்து ஆய்வாளர் வேறு துறைக்குச் சென்றால், அவர் ஈட்டிய அனுபவமும் உடன் சென்றுவிடும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் அரிய நோய்ப் பதிவேட்டில் எல்லா மையங்களும் ஒரே முறையில் பதிவு செய்தல் வேண்டும். இரண்டாவதாக, ஒரு நோய்க்கு ஒரு மையம் என்றில்லாமல் பல மையங்களுக்குக் கூட்டு மானியம் அளித்தல் நலம். மூன்றாவதாக, உதவித்தொகைக் காலம் முடிந்த தகுதியாளர்களுக்கு அம்மையங்களிலேயே நிலையான பணியிடங்களை உண்டாக்குதல் வேண்டும். நான்காவதாக, சிகிச்சை நிதியின் ஒவ்வொரு செலவும் மருந்தின் பயனைப் பதிவு செய்யும் ஆய்வுத் தகவலாகவும் அமைதல் வேண்டும்.

சிகிச்சைக்கென நிற்கும் குழந்தையின் தேவையை ஆராய்ச்சியின் பெயரால் ஒத்திவைப்பது முறையாகாது. அதேபோல், ஆராய்ச்சியைப் புறக்கணித்து இறக்குமதி மருந்துக்கே ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதும் நெடுங்காலம் தாங்கத்தக்க வழியன்று. நிதித் திட்டம் வகுப்போர் இவ்விரண்டையும் ஒரே கணக்கின் இரு பகுதிகளாகக் கொள்ளுதல் வேண்டும்.