கடல் மயக்கம்

காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் யார் நம்புவார்? மாமாவின் விசைப்படகில் முதன்முறை சென்றபோது, எண்ணூர்ப் பக்கம் வலை இறக்க வேகம் தணிந்ததும் படகு பக்கவாட்டில் உருளத் தொடங்கியது. குமட்டல் எழவே, வெட்கப்பட்டு உள்ளறையில் போய்ப் படுத்தேன். டீசல் நாற்றமும் சேர்ந்துகொள்ள, குடலே வெளிவந்துவிடும்போல் இருந்தது. "உள்ள ஏன்டா போனே? நடுவுல குந்திக்கினு தூரத்துக் கரையப் பாரு" என்றார் மாமா.

அவர் சொன்னது அறிவியலே. நம் அசைவை மூளைக்கு அறிவிப்பவை உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றையடுத்த சிறு பைகளும். மூடிய அறையிலோ, கண் 'சுவர் அசையவில்லை' என்கிறது. இம்முரண்பாடே மயக்கத்திற்குக் காரணம் என்பர். உட்செவி முற்றும் செயலிழந்தவர்க்கு இது வருவதேயில்லை! கரையையோ தொடுவானத்தையோ நோக்கினால் கண்ணும் செவியும் ஒன்றையே சொல்லும். படகின் நடுவில் ஆட்டமும் குறைவு.

மாத்திரையை மருத்துவரைக் கேட்டுப் புறப்படுமுன்பே விழுங்கவேண்டும். வாந்தி தொடங்கியபின் அது வயிற்றில் தங்காது. இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும் என்பது உண்மையே. ஆனால் அதற்குள் அந்தமான் கப்பலே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

இதைக் கோழைத்தனமென்றே எண்ணியிருந்தேன். 1805இல் டிரபால்கர் கடற்போரில் வென்று மடிந்த நெல்சனையும் இம்மயக்கம் கடைசிவரை விடவில்லையாம். மாமாவிடம் சொன்னேன். "அவரும் உள்ள போயிப் படுத்துக்கினாரா?" என்று கேட்டார்.