'ஓப்பன்' எங்கே போனது?

கேள்வி: எங்கள் உப்பளப் பாத்திகளில் உப்புநீரின் செறிவை மணிக்கொருமுறை பதிய பைதனில் ஒரு நிரல் எழுதினேன். அன்றைய அளவுகளை ஒரு பொருளில் சேர்த்து வைத்து, அதன் 'டெல்' முறையில் கோப்பைத் திறந்து எழுதச் செய்தேன். பகலெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மாலையில் நிறுத்தினால் 'ஓப்பன்' என்றொரு பெயரே இல்லை என்று பிழை வருகிறது, கோப்பும் உருவாவதில்லை. ஓப்பன் பைதனோடு கூடவே வருவதல்லவா, ஐயா?
— ஒரு வாசகர், பாலாவி, புத்தளம்

பதில்: கூடவே வருவதுதான் தம்பி. ஆனால் அந்த நேரத்தில் அது உண்மையாகவே இல்லை.

பைதன் மூடும்போது, முடிவில் ஓட வேண்டும் என்று 'அட்எக்ஸிட்' மொடியூலில் பதிந்தவற்றை முதலில் ஓட்டும். கடைசியாகப் பதிந்தது முதலில் ஓடும். அதற்குப் பிறகே மொடியூல்களைக் கலைக்கும். அப்போது உள்ளமைப் பெயர்களின் பட்டியலை, தான் தொடங்கும்போது எடுத்து வைத்த படிக்குத் திருப்பிவிடும். ஓப்பன் சேர்ந்தது அந்தப் படி எடுத்த பிறகு. அதனால் பிரின்ட் மிஞ்சும், ஓப்பன் மறையும். உங்கள் பொருள் உலகளாவிய மாறியில் இருப்பதால் அதன் டெல் இதற்கெல்லாம் பிறகே அழைக்கப்படுகிறது. 2014இல் வந்த 3.4க்கு முந்தைய பதிப்புகளில் நிலைமை இன்னும் மோசம்: உங்கள் சொந்த மாறிகளே 'நன்' ஆகிப் போயிருக்கும்.

மனம் தளர வேண்டாம். பைதனின் சொந்த லாகிங் மொடியூலே இதே பிழையில் சிக்கியது. 3.10இல்தான் அதன் ஃபைல்ஹேண்ட்லர் ஓப்பனை முன்கூட்டியே தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கியது. நீங்களும் அப்படிச் செய்யலாம், ஆனால் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நிரல் முடியும்போது மிஞ்சியிருக்கும் பொருட்களுக்கு டெல் அழைக்கப்படும் என்ற உத்தரவாதமே இல்லை என்று பைதன் ஆவணம் சொல்கிறது.

அட்எக்ஸிட் பரவாயில்லை, அது ஓடும்போது ஓப்பன் இருக்கும். ஆனால் மின்சாரம் போனால் அதுவும் ஓடாது. லினக்ஸில் வெறும் 'கில்' கொடுத்து நிறுத்தினாலும் ஓடாது.

உப்புநீரின் செறிவு 25 டிகிரி போமேயை ஒட்டும்போதுதான் உப்பு உறையத் தொடங்கும். அந்த மணிநேர அளவு தொலைந்தால் மறுநாள் எதை வைத்துத் தண்ணீர் மாற்றுவீர்கள்? மழை இறங்கிய பிறகா கிடுகு தேடுவோம்? ஒவ்வோர் அளவும் வந்த கையோடு, 'வித்' கட்டளையால் கோப்பைச் சேர்ப்பு முறையில் திறந்து, ஒரு வரி எழுதி மூடுங்கள். மணிக்கு ஒரு வரி கணினிக்குப் பாரமே இல்லை. டெல் முறையை அழித்துவிடுங்கள்.