பாமாலை ஏன் நாக்கில் இடறுகிறது?

கேள்வி: பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் நான். ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனை பாடினால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூடத் தாளம் போட்டுச் சேர்ந்துகொள்கிறார்கள். பாமாலை என்று எண் சொன்னால் பாதிப் பேர் முணுமுணுப்பதோடு சரி. “அரைகுறைத் தமிழ் தெரிந்த வெள்ளைக்காரத் துரைமார் இங்கிலீஷ் பாட்டைப் பெயர்த்து வைத்தது, வேறெப்படி இருக்கும்?” என்கிறார் என் நாத்தனார். அவர் சொல்வது சரிதானா? அந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் யார்?

— வாசகி, பழவேற்காடு

பதில்: சகோதரி, உங்கள் நாத்தனாருக்கு நல்ல காது. பாமாலையில் இடறல் இருப்பது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணத்தில்தான் இரண்டு பிசகு.

இங்கிலீஷ் என்பது சின்னப் பிசகு. இங்கிலீஷிலிருந்து வந்த பாட்டுகள் பாமாலையில் ஏராளம்தான். ஆனால் அவை பிற்பாடு சேர்ந்தவை. பழைய பாட்டுகளின் தாய்வீடு ஜெர்மனி. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் ஜெர்மானியர்; ஊர் டென்மார்க்காரர்கள் வசம் இருந்தது. மார்ட்டின் லூத்தர், பவுல் கெர்ஹார்ட் போன்றவர்களின் பாட்டுகளை அவற்றின் சொந்த மெட்டிலேயே தமிழில் பாடும் வழக்கம் அந்த மிஷனில் தொடங்கியது. லூத்தரன் சபையார் இன்றும் அவற்றை ‘ஞானப்பாட்டு’ என்பார்கள்.

அரைகுறைத் தமிழ் என்பது பெரிய பிசகு. அந்த ஞானப்பாட்டுகளைப் பெருவாரியாகத் தமிழாக்கியவர் யோகான் பிலிப் பெப்ரிஷியஸ். 1711-இல் பிறந்தவர், 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-இல் சென்னைக்கு மாறி, 1791-இல் சாகும்வரை இந்த நாட்டைவிட்டு நகராதவர். அவர் செய்த பைபிள் தமிழாக்கத்தைப் பழைய கிறிஸ்தவர்கள் ‘பொன் மொழிபெயர்ப்பு’ என்றே கொண்டாடினார்கள். 1779-இல் வெளிவந்த அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி, பின்னால் தரங்கம்பாடியில் திருத்தி விரிக்கப்பட்டு, இன்றைக்கும் ஆய்வாளர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நூல். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. அரைகுறைத் தமிழ்க்காரர் என்று சொல்ல இவரைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடைக்கமாட்டார்.

நீங்கள் பழவேற்காட்டிலிருந்து கேட்டது எனக்குத் தனிச் சந்தோஷம். ஏனென்றால் இந்த மனிதர் உங்கள் ஊரில் அகதியாக இருந்தவர், அதுவும் இரண்டு முறை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது பெப்ரிஷியஸ் தம் சபையாரை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்தார். சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1749-இல்தான். 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்தபோது அவருடைய வேப்பேரி மிஷன் சூறையாடப்பட்டது, திரும்பவும் பழவேற்காடு.

ஏன் பழவேற்காடு? அங்கே இருந்தது டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை. இங்கிலீஷ்–பிரெஞ்சு சண்டையில் டச்சுக்காரர் சேரவில்லை, அவர்களும் புராட்டஸ்டண்டுகள், சென்னையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் ஊர். அடைக்கலம் தேட இதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது. இன்று அந்தக் கோட்டை புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள் அதை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. எழுதுகிற பாதிரிமார் பழவேற்காட்டுக்குப் புதியவர்களும் அல்ல: அதற்கு நூறாண்டு முன்பே ஆபிரகாம் ரோகெரியஸ் என்ற டச்சுப் போதகர் அங்கே பத்தாண்டு இருந்து, ஒரு பிராமணரிடம் கேட்டறிந்து எழுதிய நூலில் பர்த்ருஹரியின் சுலோகங்கள் முதன்முறையாக ஐரோப்பிய மொழிக்குப் போயின. அது 1651-இல், அவர் இறந்தபின் அச்சானது.

போரால் பெப்ரிஷியஸுக்கு ஒரு லாபமும் வந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அரசாங்க வேலையையும் அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அது அவர் கைக்கு வந்தது. வேப்பேரி அச்சகம் பிறந்தது அப்படித்தான். அவருடைய பாட்டுப் புத்தகம் 1774-இல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது.

சரி, இவ்வளவு தமிழ் தெரிந்தவர் எழுதியும் பாட்டு ஏன் இடறுகிறது? காரணம் மெட்டு. மெட்டு முதலில் வந்தது. சொல் பிறகு வந்தது. பெட்டியைச் செய்து கையில் கொடுத்துவிட்டு, இதற்குள் அடங்குகிற சாமானை வை என்றால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே ஆனது.

ஜெர்மன் பாட்டில் ஒவ்வோர் அடிக்கும் இத்தனை ஒலித்துண்டு என்று கணக்கு உண்டு. ஒலித்துண்டு என்றால், ஓர் உயிரொலியை நடுவில் வைத்து ஒரே வீச்சில் வாயிலிருந்து வருவது. ‘கர்த்தர்’ என்பதில் ‘கர்த்’, ‘தர்’ என இரண்டு. 46-ஆம் சங்கீதத்தை ஒட்டி லூத்தர் எழுதிய புகழ்பெற்ற பாட்டில் முதல் அடிக்கு எட்டு, அடுத்த அடிக்கு ஏழு. ஜெர்மனில் கடவுள், கோட்டை, ஆண்டவர் எல்லாமே ஒரே துண்டில் முடிகிற குட்டிச் சொற்கள். எட்டுத் துண்டுக்குள் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிடலாம். தமிழில் வேற்றுமை உருபு, காலம், பால் எல்லாம் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும். ‘இரட்சிக்கிறவருக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். எட்டுத் துண்டும் தீர்ந்துபோகும். வாக்கியம் இன்னும் தொடங்கியிருக்காது. அதனால்தான் பாமாலையில் உருபுகள் காணாமல் போகின்றன, சொற்கள் இடம் மாறி நிற்கின்றன, சின்னச் சின்ன வடசொற்கள் வந்து இடைவெளியை அடைக்கின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜெர்மன் செய்யுள் நடப்பது அழுத்தத்தால்: ஒரு துண்டை ஊன்றிச் சொல்லி அடுத்ததை லேசாக விடுவார்கள். தமிழ்ச் செய்யுள் நடப்பது அளவால், அதாவது குறில் நெடிலால். நம் யாப்பில் இரண்டு குறில் சேர்ந்து வந்தால் அது ஒரே அசை, நிரையசை என்பார்கள். ‘மலர்’ நமக்கு ஓரசை. ஐரோப்பிய மெட்டோ அதை ‘ம’, ‘லர்’ என்று இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி சுரத்தில் உட்கார வைக்கும். ‘ம’ விழுகிற இடம் நீண்ட சுரமாக இருந்தால் வாய் ‘மாலர்’ என்றுதான் பாடும். ‘படு’ என்பது ‘பாடு’ ஆகிவிடும். உங்கள் ஊரில் அது ஏரியில் முறைவைத்து வலை போடும் ஏற்பாட்டின் பெயர், பக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போதாக்குறைக்கு எதுகை. நம் காது அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் ஒத்த ஓசையைத் தேடும். ஐரோப்பியப் பாட்டு அடியின் முடிவில் ஒத்த ஓசையை வைக்கும். தமிழ் இலக்கணத்தில் இதற்கும் இயைபு என்று பெயர் உண்டு, ஆனால் நமக்கு அது பிரதானமில்லை. பெப்ரிஷியஸ் ஜெர்மன் முறைப்படி கடைசியைக் கட்டினார். பாட்டிமார் தொடக்கத்தைத் தேடி ஏமாந்தார்கள். எழுத்தறியாதவர்கள் பாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது எதுகையைப் பிடித்துக்கொண்டுதான்; அது இல்லாதபோது முணுமுணுப்பைத் தவிர வேறு வழி என்ன?

கீர்த்தனைக்கு இந்தத் தொல்லை இல்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு நம்முடையது. ராகம் சொல்லுக்கு வளைந்து கொடுக்கும், தாளத்துக்குள் நாலு எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கலாம். அதன் பெரும்புலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய், பின்னால் மன்னரான சரபோஜியோடு சேர்ந்து படித்தவர். குறவஞ்சி என்ற கூத்து வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். (மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு ஆள், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் அவர். இருவரையும் குழப்பி எனக்கு மாதம் ஒரு கடிதமாவது வரும்.)

வேடிக்கை என்னவென்றால், கீர்த்தனைப் புலவரான இந்தச் சாஸ்திரியார்தான் பெப்ரிஷியஸின் தமிழுக்கு வக்காலத்து வாங்கியவர். 1820-களில் வந்த புது மிஷனரிகள் பழைய பைபிள் தமிழாக்கத்தை மாற்றப் புறப்பட்டார்கள். கோயிலில் தமிழ்ப் பாட்டும் இசையும் கூடாது, விசேஷங்களுக்குப் பூ கூடாது என்றார்கள். சாஸ்திரியார் கொதித்துப்போய் எதிர்த்து எழுதினார். அதே எழுத்தில், சாதிப் பிரிவினை பார்க்காமல் சபையார் ஒன்றாகக் கலப்பதையும் அவர் கொடுமை என்றே சேர்த்திருந்தார். அந்த ஒன்றில் நான் மிஷனரிகள் பக்கம். பாட்டு விஷயத்தில் காலம் சாஸ்திரியார் பக்கம் நின்றது: அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாட்டுகள்தாம் அதிகம். அதற்குப் பிறகு கீர்த்தனையைக் கோயிலுக்கு வெளியே நிறுத்த யாராலும் முடியவில்லை.

பெப்ரிஷியஸின் கடைசிக் காலம் நல்லபடியாக இல்லை. பாட்டுக் கணக்கில் கெட்டிக்காரரான அவர் பணக்கணக்கில் ஏமாளி. மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பணத்தைப் பெரிய இடத்துக்குக் கடன் கொடுத்தார், திரும்பி வரவில்லை. கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். 1788-இல் மிஷன் பொறுப்பை கெரிக்கே என்பவர் ஏற்றுக்கொண்டார்.

ஆகவே நாத்தனாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: இடறல் மெட்டுக்கும் மொழிக்கும் நடுவில் இருக்கிறது, எழுதியவரின் தமிழில் இல்லை. நம்பாவிட்டால் பாமாலைப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். சில பதிப்புகளில் பாட்டின் தலைப்புக்குப் பக்கத்தில் 8.7.8.7 என்பதுபோல எண்கள் அச்சிட்டிருக்கும். அடிக்கு எத்தனை ஒலித்துண்டு என்ற கணக்கு அது. அந்தக் கணக்கில், அந்த மெட்டிலேயே, குறில் நீளாமல் நாலு அடி அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.