படக்கதை சொல்லும் பழுது பார்க்கும் பாடம்!



"செமஸ்டர் நேரத்துல பொம்மைப் படம் பார்க்கறியாடா?" என்று அறை நண்பன் கேட்கிறான். பார்ப்பது பொம்மைப் படம்தான். ஆனால் அதற்குள் நம் ஒர்க்‌ஷாப்புக்கு உதவும் பாடம் ஒன்று இருக்கிறது.

அமெரிக்கரான ரிச் பர்லூ 2003-ஆம் ஆண்டு இணையத்தில் வரையத் தொடங்கிய மாயாஜாலப் படக்கதை 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்'. வட்டத் தலை, குச்சிக் கை, குச்சிக் கால், அவ்வளவுதான் ஓவியம்! கதையோ ஆயிரம் பாகங்களைத் தாண்டியது. ராய் என்ற வீரன் தலைமையில் ஆறு பேர், ஸைக்கான் என்ற செத்தும் சாகாத மந்திரவாதியை எதிர்த்துப் போராடுகிறார்கள். 2012-இல் பழைய தொகுப்புகளை மறுபதிப்பு செய்ய வாசகர்களிடம் உதவி கேட்டபோது, 12 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. காரணம் ஓவியமா? இல்லை. கதையும் அதன் புதிர்களும்தான்!

1. சொல்லை அளந்து படி

கதையில் குறி சொல்பவர் ஒருவர் வருகிறார். குள்ளர் இனத்துப் பூசாரி டர்கோன், தான் எப்படி ஊர் திரும்புவேன் என்று கேட்கிறார். இறந்த பிறகு என்பது பதில். சொந்த மண்ணில் புதைப்பார்கள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்! நாமும் சவப்பெட்டியைத்தான் நினைப்போம். பல வருஷம் கழித்து அவர் ரத்தக் காட்டேரி ஒருவனால் கொல்லப்பட்டு, தானும் காட்டேரியாகி எழுந்து, ஊர்ப்பக்கம் போகிறார். 'இறந்த பிறகு' என்றுதான் குறி சொன்னது. சவப்பெட்டியைச் சேர்த்தது நாம்.

பெல்கார் என்பவன் ஐந்து பேரை வரிசையாகச் சொல்லி, இவர்களில் யாருடைய சாவுக்காவது நான் காரணமாவேனா என்று கேட்கிறான். ஆம் என்று பதில். கடைசியில் செத்தது யார் தெரியுமா? பட்டியலில் இருந்த அந்தக் குறிகாரரேதான்!

2. பார்த்தது வேறு, நினைத்தது வேறு

எதிரிக் கூட்டத்தில் இருட்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட ஒரு பூதம் உண்டு. அது என்ன பிராணி என்று வாசகர்கள் வருஷக்கணக்காக ஆராய்ந்தார்கள். விளையாட்டாக மெல்லத் தட்டியதில் ஒரு வீராங்கனையும் அவள் குதிரையும் சுவரை உடைத்துக்கொண்டு பறந்தார்கள். இன்னொரு முறை, கைதியையும் ஸைக்கானோடு மோத வந்தவரையும் கண்ணிமைக்கும் நேரத்தில் வேறிடம் அனுப்பிவிட்டது. பலம் மட்டும் போதும் என்றால் பத்துப் பெயர் சொல்லலாம். இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்றால் பட்டியல் சுருங்கும். பொருந்தாத ஒரு தடயம் போதும், எவ்வளவு அழகான யூகத்தையும் அடித்துவிட வேண்டியதுதான்.

3. வீட்டு ஃபேன்

இதெல்லாம் எனக்குத் தெரிந்தும் கோட்டை விட்டேன். போன மே மாசம் எங்கள் வீட்டின் ஒரே ஃபேன் நின்றுபோனது. அப்பா நைட் ஷிஃப்ட், பகலில்தான் தூக்கம். 'ம்ம்ம்' என்று சத்தம் வந்தது, சுற்றவில்லை. "காயில் எரிஞ்சு போச்சுப்பா" என்று எலக்ட்ரிகல் மாணவன் கர்வத்தோடு சொல்லிவிட்டுக் கழற்றினேன். கருகிய வாசனை கிடையாது. கழற்றுவதற்கு முன் கையால் இறக்கையைத் தள்ளிவிட்டபோது மெதுவாகச் சுற்றியது. இரண்டு தடயமும் கன்டென்சரைக் காட்டின. நான் பார்க்க மறுத்தேன். பிரிக்கும்போது நல்ல காயிலையும் அறுத்துவிட்டேன்! சின்ன கன்டென்சர் செலவு, காயில் கட்டும் செலவாகிவிட்டது. நாலு நாள் அப்பா வியர்வையில் புரண்டார். "பரவாயில்லப்பா, படிக்கிற பையன்தானே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நண்பர்களே, முடிவை முதலில் எடுத்துவிட்டுத் தடயம் தேடாதீர்கள். பார்த்ததை ஒரு பக்கம் எழுதுங்கள்; நினைத்ததை மறுபக்கம் எழுதுங்கள். படக்கதையில் தப்பாக யூகித்தால் அடுத்த பாகம் திருத்திவிடும். நாளை நாம் கை வைக்கப்போவது மெஷினிலும் மெயின் லைனிலும். அங்கே அடுத்த பாகம் இல்லாமலும் போகலாம்!